பலகுரல் பாணனுக்கு ஓட்டை பார்த்தவன்

சொந்தமாக ஒரு சப்கிளாஸ் செய்வது கல்யாண வீட்டுக்குச் சாம்பார் வைக்கிற மாதிரி. வைத்தவன் நாக்குக்கு அது எப்போதும் அமிர்தம்தான், உப்புக் கூடிப்போச்சு என்று சொல்ல வேறொருத்தன் நாக்கு வேண்டும்.

பகடை உருட்டிப் பழகிய சக பாவிகளுக்கு இது சொல்லாமலே புரியும். பழகாதவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருத்தன் கதை சொல்வான்: "கோட்டை வாசல் பூட்டியிருக்கு, உள்ளே பூதம் உறுமுது, என்ன செய்யுறீங்க?" மற்ற மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருத்தன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தன் வேட்டைக்காரன். செய்ய நினைத்ததைச் சொல்லிவிட்டு இருபது முகமுள்ள பகடையை உருட்டினால், நடந்ததா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்லிவிடும். வீரனிலேயே வாள்வீரன் வேறு, மல்வீரன் வேறு இல்லையா, அந்தப் பிரிவுதான் சப்கிளாஸ். விதிப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் போதாது என்று தானே ஒன்றை எழுதி, "எப்படிரா இருக்கு?" என்று நண்பன் மூஞ்சியைப் பார்க்கிற வியாதி சிலருக்கு உண்டு. எனக்கு அது முற்றிய கேஸ்.

எங்கள் மேஜை, கடலாடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹால். சரண்யாவின் சித்தப்பா அங்கே மேனேஜர். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஃபேன் ஒன்றுதான் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு எங்களை உள்ளே விடுவார். ஊர் உலகம் ஆடியிலும் மார்கழியிலும் நல்ல காரியம் செய்யாது. எங்களுக்கு அந்த இரண்டு மாதமும்தான் முகூர்த்தம். பந்திக்கு விரிக்கிற வெள்ளைப் பேப்பர் ரோலை மேஜை நீளத்துக்கு உருட்டி விட்டு, கோட்டை, சுரங்கம், ஆறு எல்லாம் அதன் மேல் வரைந்துகொள்வோம். கதை சொல்கிறவன் நான். ஒரு தடவை காதில் விழுந்த குரலை வாய் தானாகத் திருப்பிச் சொல்லிவிடும் என்பதால் அந்த உத்தியோகம் என்னிடம் வந்து சேர்ந்தது. ராஜா, பூதம், வண்டிக்காரன், கழுதை, எல்லாம் இந்த ஒரே தொண்டைதான்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். சரண்யா, ஏர்வாடியிலிருந்து பஸ் ஏறி வருகிற நாகூர், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிற முனீஸ். இதில் முனீஸின் நாற்காலி ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. காலியாக்கியவன் நான். அவனைத் திரும்ப அதில் உட்கார வைக்கத்தான் ஒரு சப்கிளாஸ் எழுதினேன். கீழே வருவதெல்லாம் அந்தப் பாடு.

உப்பள வீரன்

முனீஸைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவனுடைய கதாபாத்திரம் வேட்டைக்காரன். ஆனால் அவனுடைய உண்மையான வேலை, நான் எழுதுவதில் ஓட்டை பார்ப்பது. நான் முதன்முதலாகச் செய்த சப்கிளாஸ் 'உப்பள வீரன்'. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் எழுதினேன். இந்த வீரன் மேல் உப்புப் பட்டால் அவன் பலம் இரண்டு மடங்காகும். நாகூர் படித்துவிட்டு "மாஸ் மாப்ளே" என்றான். சரண்யா, "பரவால்ல" என்றாள். முனீஸ் மட்டும் தாளைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை படித்தான். "ஒவ்வொரு தடவ உப்புப் பட்டாலும் ரெண்டு மடங்கா?" என்று கேட்டான். "ஆமாலே, ஒவ்வொரு தடவையும்" என்றேன் பெருமையாக. "சரி, இன்னைக்கு நான் இவன ஆடுறேன்" என்றான்.

ஆடினான். ஒரு மூட்டை உப்பைத் தன் தலையில் தானே கவிழ்த்துக்கொண்டு டிராகனின் குகைக்குள் போனான். ஒவ்வொரு உப்புக்கல்லும் ஒரு தடவை பட்டதாகக் கணக்கு. இரண்டின் மடங்கு, அதன் மடங்கு, அதற்கும் மடங்கு என்று சரண்யா பந்தி பேப்பரில் பெருக்கிக்கொண்டே மேஜையின் அந்தக் கோடி வரை போய்விட்டாள். மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும் என்று நான் ஆசையாக வளர்த்த டிராகன் ஒரே குத்தில் செத்தது. அது சாகும்போது போட வேண்டிய அலறலை வீட்டு மோட்டார் ரூமுக்குள் ஒரு வாரம் பழகி வைத்திருந்தேன். அலறக்கூட நேரம் கொடுக்கவில்லை. முனீஸ் தாளை என்னிடம் திருப்பி நீட்டினான்.

"உப்பு மூட்டை தூக்குறவனெல்லாம் டிராகனக் கொல்லலாம்னா, எங்க தெருவுல ஒரு டிராகனும் மிச்சம் இருக்காதுலே."

ஆடி மாதத்தில் ஒரு கூப்பாடு

முனீஸின் அய்யா, அவன் அப்பாதான், கதிரறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர். பங்குனியில் கிளம்பினால் தை மாதம் நம்மூர் அறுப்புக்குத்தான் திரும்புவார். அதுவரை எங்கே கதிர் முற்றுகிறதோ அங்கே மிஷின் போகும். தஞ்சாவூர், ஆந்திரா, அதற்கும் வடக்கே. மிஷின் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்த ஆள் என்பதால், பக்கத்தில் நிற்கிறவரிடமும் வரப்புக்கு அந்தக் கோடியில் நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். வீட்டுக்கு வந்தால் முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு இழுவை: "ஏலே முனீசூ!" அந்த இருமலும் இழுவையும் என்னிடம் வெகுநாளாகச் சரக்கில் இருந்தன. வெளியே எடுக்க ஒரு நல்ல நாளுக்குக் காத்திருந்தேன். என் புத்திக்கு ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல நாளாகத் தெரிந்தது.

கைகழுவப் போவதாகச் சொல்லி எழுந்தேன். சமையல்கட்டு வழியாக வெளியே போய்ச் சுவருக்குப் பின்னால் நின்று இருமினேன். "ஏலே முனீசூ! அய்யா வந்துட்டேன்லே! வெளிய வா!" உள்ளே நாற்காலி விழுகிற சத்தம். செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தான். ரோட்டின் நடுவில் நின்று பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். நான் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே சுவரைச் சுற்றி வந்தேன். ஜன்னலில் நாகூரும் சிரித்தான். தார் கொதித்த கொதிப்பில் முனீஸ் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றான். என்னைப் பார்த்துவிட்டான். பார்த்த பிறகும் இன்னொரு தடவை பஸ் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அந்த இரண்டாவது பார்வையில்தான் என் சிரிப்பு நின்றது. அவன் உள்ளே போய்ச் செருப்பைப் போட்டான், பையை எடுத்தான். அடிப்பான் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடித்திருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்ந்திருக்கும். வாசலில் என்னைத் தாண்டும்போது நின்றான்.

"நல்லா இருந்துச்சுடா. அப்படியே எங்கய்யா மாதிரி."

மன்னிப்புக் கச்சேரி

அவன் சண்டை போடவில்லை. மறுநாளும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பேனா கேட்டால் கொடுத்தான், மணி கேட்டால் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பேச்சை எடுத்தால் மட்டும் "வேலை கெடக்கு" என்பான். வேலை கிடக்கிற முகமாக அது இல்லை.

சக பாவிகளே, சிரிக்க வைத்தே பிழைத்த ஒருத்தனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியுமா? எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினேன். தலைமையாசிரியர் குரலில், "பிரேயர் முடிந்ததும் அழகு என்கிற அயோக்கியன் முனியசாமியிடம் மன்னிப்புக் கேட்பான், மற்றவர்கள் கலையலாம்" என்றேன். வகுப்பே விழுந்து சிரித்தது. டவுன்பஸ் கண்டக்டர் குரலில், "மன்னிப்பு ஒண்ணு, முனீசு ஒண்ணு, உள்ள தள்ளி நில்லுங்க" என்றேன். மண்டபத்து மைக் குரலில், "மணமக்களை வாழ்த்த வந்திருக்கும் அன்பர் அழகு, தன் தவறை உணர்ந்து" என்று ஆரம்பித்தேன். நாலு நாள் இந்தக் கச்சேரி நடந்தது. ஐந்தாம் நாள் முனீஸ் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஹெச்செம் மன்னிப்புக் கேட்டுட்டாரு, கண்டக்டர் கேட்டுட்டாரு, மைக் செட்டுக்காரரும் கேட்டுட்டாரு. அவங்க மேல எனக்குக் கோவமே இல்லலே, விடு."

தூண்டில்

மன்னிப்பு செல்லவில்லை என்றதும் எனக்குள் இருக்கிற களவாணி விழித்துக்கொண்டான். முனீஸால் எதைச் சும்மா விட முடியாது? ஓட்டையை. நெய் மணக்கிற ஓட்டையாக ஒன்று செய்து, அவன் மூக்குக்கு நேரே கொண்டுபோய் வைத்தால்? அப்படிப் பிறந்ததுதான் 'பலகுரல் பாணன்'. பாட்டுப் பாடிப் பிழைக்கிற பாணன் என்ற தொழிலுக்குள் ஒரு தனி வித்தை. ஒரு தடவை கேட்ட குரலில் அவன் பேசினால் எதிரே இருப்பவர் நம்பியே ஆக வேண்டும். பகடை வேண்டாம், நாளுக்கு இத்தனை தடவை என்ற கட்டு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். யானை நுழைகிற ஓட்டை. எனக்கே எழுதும்போது வெட்கமாக இருந்தது.

தாளை நாகூரிடம் கொடுத்து, "நான் குடுத்தேன்னு சொல்லாத, சும்மா காட்டு" என்றேன். நாகூருக்குப் பொய் சொல்ல வராது. போனதும் "அழகு குடுக்கச் சொன்னான், ஆனா சொல்லக்கூடாதுன்னான்" என்று சொல்லித்தான் நீட்டியிருக்கிறான். நான் பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவரோரம் காத்திருந்தேன். திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்ததும், சொந்தமாக எதையாவது எழுதி யாரிடமாவது கொடுத்திருக்கிற உங்களுக்கெல்லாம் தெரிந்த அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "என்னலே சொன்னான்?"

"படிச்சான், மடிச்சான், 'நல்லாருக்கு'ன்னு சொல்லச் சொன்னான் மாப்ளே."

நாகூர் ஆடிய பாணன்

முனீஸ் வாயிலிருந்து 'நல்லாருக்கு' வந்தால் அது இழவுச் சேதி. அப்போதுதான் ரோஷம் வந்தது. தூண்டிலாகச் செய்ததை நிஜமான சப்கிளாஸாகத் தேற்றிக் காட்டுவோம், அவன் காதுக்கு எட்டாமலா போகும் என்று நினைத்தேன். ஆடிப் பார்த்தால்தானே குறை தெரியும்? பாணனை முதலில் நாகூர் கையில் கொடுத்தேன். இதற்குள் ஒரு விதியும் சேர்த்திருந்தேன்: ஆடுகிறவர் அந்தக் குரலில் நிஜமாகவே பேசிக் காட்ட வேண்டும், நான் கண்ணை மூடிக் கேட்டு மார்க் போடுவேன். புத்திசாலித்தனமான விதி என்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

கோட்டை வாசல். காவல்காரன் குறுக்கே நிற்கிறான். நாகூர் தளபதியின் குரலில் அதட்ட வேண்டும். தொண்டையைச் செருமினான். "யாருப்பா அங்கன... கொஞ்சம் கதவத் தொறக்குறீங்களா? சிரமம் இல்லைன்னா?" என்றான். ஏர்வாடி தர்கா வாசலில் வருகிறவர் போகிறவரை எல்லாம் அன்பாக வரவேற்றுப் பழகிய கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, அதட்டு என்றால் எங்கிருந்து வரும்? காவல்காரன் சிரித்தான். காவல்காரன் நான்தானே. மூன்று கோட்டை, மூன்று வாசல், மூன்றிலும் பாணன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்டான். நாகூருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"எங்க வாப்பா குரலே எனக்கு ஒழுங்கா வராது, இதுல தளபதிக்கு எங்க போவேன்? நீ எனக்காக எழுதலடா மாப்ளே, உனக்காக எழுதியிருக்க."

சரண்யாவின் கணக்கு

இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்புத்தான் அது. தன் வாய்க்கு ஏற்ற சட்டையைத் தைத்துவிட்டு, ஊரார் உடம்புக்குப் பொருந்தவில்லையே என்று அழுவது. சரண்யா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். ஆர்.எஸ்.மங்கலத்துக்காரி, பெரிய கண்மாய்த் தண்ணீரைப் பங்கு பிரிக்கிற ஊரில் பிறந்தவள், கூடக் குறைய இருந்தால் கை அரிக்கும். ஆடுகிறவர் குரல் தேவையில்லை, பகடை உருட்டினால் போதும் என்றாள். ஒரு நாளைக்கு மூன்று தடவைதான், எதிரி பகடை போட்டுத் தப்பிக்கலாம், நெருங்கிப் பழகியவரை ஏமாற்றுவது கூடுதல் கஷ்டம். எல்லாம் கட்டம் கட்டி எழுதினாள். பார்க்க ரேஷன் கார்டு மாதிரி ஒழுங்காக இருந்தது.

பிறகு அவளே பாணனை ஆடினாள். பாதாளத்தில் பூதம், வழியில் ஏழு காவல். அவள் ஏழையும் தொடவில்லை. பூதத்தின் அம்மா குரலை முதல் அறையிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து, "சோறு ஆறுது, வந்து தின்னுட்டுப் போயி சண்டை போடு" என்றாள். பகடையில் பத்தொன்பது. பூதம் சோற்றுக்குப் போய்விட்டது. நாகூர் மேஜையைத் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நாலாவது நாற்காலியைப் பார்த்தோம். 'இங்கன ஓட்டை இருக்குலே' என்று யாராவது சொல்ல வேண்டிய இடம் அது. சரண்யா பகடையைக் கீழே வைத்தாள்.

"நான் பாட்டுக்கு ஜெயிச்சுக்கிட்டே இருக்கேன், தடுக்க ஆள் இல்ல. இது வெளாட்டே இல்லடா."

வேட்டைக்காரனுக்குக் குரல் கொடுத்தது

ஆவணி பிறந்ததும் மண்டபத்துக்கு முகூர்த்தங்கள் வந்துவிட்டன. எங்கள் மேஜையில் யார் யாரோ சாப்பிட்டார்கள். கிடைத்த ஓரிரு ஞாயிறுகளில் மூன்று பேராக ஆட உட்கார்ந்தோம். முனீஸின் வேட்டைக்காரனைக் கதையில் என்ன செய்வது? கொல்ல மனசில்லை. ஊருக்கு அனுப்பவும் மனசில்லை. நானே ஆடினேன். அவன் குரலில்தான். வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி, கடைசி வார்த்தையை மட்டும் தூக்கி வைக்கிற அவன் பேச்சு. "பொறுங்கலே, காலடித் தடம் இருக்கு." நாகூர் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தான். அத்தனை சுத்தமாக வந்தது.

நானும் அந்தக் குரலை வெளியே விட்டு விட்டுக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் பாதி ஆட்டம் அதற்காகத்தான் நடத்தினேன். ஒரு கட்டத்தில் பாணன் தாளைக் கையில் எடுத்து, முனீஸ் குரலில் "இங்கன ஓட்டை இருக்குலே" என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அவன் குரல் என்னிடம் முழுசாக இருந்தது. எந்த வரியில் ஓட்டை என்பது மட்டும் அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. அது தெரிந்தவன் எங்கோ வீட்டில், வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். சரண்யா பேப்பர் ரோலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"போதும் அழகு, அவன் குரலையாச்சும் அவன்ட்டயே விட்டு வையி."

டவுன்பஸ்ஸில்

கார்த்திகை மழையில் ஒரு நாள் டவுன்பஸ். ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் இறக்கி உள்ளே புழுங்கியது. நானும் முனீஸும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் கண்டக்டர் குரலில் ஏதோ சொல்ல, பின்னால் நின்ற அக்காக்கள் சிரித்தார்கள். முனீஸ் சிரிக்கவில்லை. வெளியே தெரியாத ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, கேட்காமலே சொன்னான்.

அய்யாவின் செல்போன் வயலில் விழுந்து மிஷினுக்குள் போய்விட்டதாம். முதலாளியின் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். புது நம்பர். இவன் எடுத்திருக்கிறான். முதலில் இருமல், பிறகு "ஏலே முனீசூ, அய்யா பேசுறேன்லே." இவன், "அழகு, ஒரு தடவ பண்ணது பத்தாதாலே?" என்று சொல்லி வைத்துவிட்டான். மறுபடி மணி அடித்தது. மறுபடி வைத்தான். மூன்றாவது தடவை கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி வைத்தான். அதன் பிறகு அடிக்கவில்லை. மூன்று நாள் கழித்து அவன் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு, "புள்ளைக்கு என் மேல என்ன கோவம்?" என்று கேட்டாராம். அப்புறம்தான் விஷயமே தெரிந்தது. இவன் போனை வாங்கி, "இல்லய்யா, இல்லய்யா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் வாயில் நூறு குரல் இருந்தது, ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. முனீஸ் இறங்குகிற இடம் வந்தது.

"கடைசியா எங்கய்யா என்ட்ட ஒண்ணுதான் கேட்டாரு, 'அழகுங்கிறது யாருப்பா?'"

மார்கழி

அன்று சாயங்காலமே பாணன் தாளில் ஒரு விதி சேர்த்தேன். தூண்டிலாக அல்ல. பார்த்ததை எழுதினேன். 'பாணன் ஒருவர் குரலைத் திருடினால், அடுத்த முறை அவரே வந்து கூப்பிட்டாலும் அவரைச் சேர்ந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.' மறுநாள் தாளை நாகூரிடம் கொடுக்காமல் நானே முனீஸிடம் நீட்டினேன். வேடிக்கைக் குரல் எதுவும் போடவில்லை. "பாத்துச் சொல்லு" என்றேன். பைக்குள் வைத்துக்கொண்டான். இரண்டு வாரம் அது பைக்குள்ளேயே கிடந்தது.

மார்கழியில் மண்டபம் மறுபடி எங்களுக்கு வந்தது. இரண்டாவது ஞாயிறு, பேப்பர் ரோலில் நாகூர் ஆறு வரைந்துகொண்டிருந்தபோது முனீஸ் வந்து நின்றான். சரண்யா அவன் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். அவன் உட்காரவில்லை. தாளைப் பிரித்து மேஜை மேல் வைத்தான்.

"இங்கன ஓட்டை இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சக பாவிகளே, இதைவிடப் பெரிய பாராட்டு நம் பிழைப்பில் உண்டா?

"எதுல?"

"கடேசி விதி. குரல எடுத்தா அதுக்கு ஒரு வெலைன்னு வச்சிருக்க."

"ஆமா. சும்மா எடுக்க முடியாதுல்ல."

"வெலைய யாரு குடுக்குறா?"

எனக்கு விளங்கவில்லை. சரண்யாவுக்கு விளங்கிவிட்டது. பேனாவை மூடி வைத்தாள்.

"கூப்புட்டவரு வாசல்ல நிக்காரு. புள்ள நம்ப மாட்டேங்குது. ரெண்டு பேருக்கும் நட்டம். பாணனுக்கு என்ன நட்டம்? அவன் பாட்டுக்கு அடுத்த குரலுக்குப் போயிட்டானே." முனீஸ் மெதுவாகத்தான் சொன்னான். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

நூறு தடவை படித்த விதி. என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. "அப்ப பாணன யாரும் நம்பக்கூடாதுன்னு வைப்போம். அவன் சொந்தக் குரல்ல பேசுனாலும், உண்மையவே சொன்னாலும்" என்றேன்.

"எத்தனை நாளைக்கு?" சரண்யா பேனாவைத் திறந்துவிட்டாள். "எண்ணு சொல்லு. ஒரு நாளா, ஒரு வாரமா?"

"பகடை உருட்டி வர்ற எண்ணு" என்றான் நாகூர், எல்லோருக்கும் நல்லவன்.

முனீஸ் சரண்யா கையிலிருந்து பேனாவை வாங்கினான். விதிக்குக் கீழே எழுதினான்: 'ஏமாந்தவன் போதும் என்று சொல்லும் வரை.'

"இது விதியே இல்ல" என்றாள் சரண்யா. "விதின்னா எண்ணு இருக்கணும்."

"எண்ணு போட்டா அவன் எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பான். முடிஞ்ச அன்னைக்கே அடுத்த குரல எடுப்பான்."

அது சரியான விதி. எங்கள் நாலு பேருக்கும் தெரிந்தது. எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. ஹெச்செம் குரலில் கேட்டால் சுலபமாக இருக்கும் என்று தொண்டைக்குள் அவர் எழுந்து நின்றார். உட்கார வைத்தேன். பிறகு வந்தது என் குரல்தான். அது எப்படி இருக்கும் என்று எனக்கே பழக்கமில்லை, கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"முனீசு... எனக்கு இன்னும் எத்தனை நாளுலே?"

அவன் என்னைப் பார்த்தான். பையைக் கழற்றித் தரையில் வைத்தான். நாற்காலியை இழுத்து, என் பக்கத்தில் போடாமல் நாகூருக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னும் முடியல. நீ கதையச் சொல்லு."

சொன்னேன். பாணனை இப்போது யார் வேண்டுமானாலும் ஆடலாம், ஓட்டை ஒன்றும் இல்லை. முனீஸ் போதும் என்று சொல்லும் வரை, ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் பாணனாகவே போகிறவன் நான் ஒருத்தன்தான்.